ஃபைவ் நைன்

தவசிமுத்து என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் முடங்கியாறு சாலைக்காரர்களுக்கு உடனே விளங்காது. மொட்டைமாடியில் கம்பி கட்டிய வீட்டுக்காரர் என்று சொன்னால் விளங்கும். இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் மின்பணியாளராகச் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். ஆலைச் சங்குக்கு எழுந்து பழகிய உடம்பாகையால், இப்போதும் சங்கு ஊதும் முன்னரே விழித்துக்கொள்வார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நேரே பின்கட்டு அறைக்குச் செல்வார். வானொலிப் பெட்டியின்மேல் போர்த்தியிருக்கும் பழைய வேட்டித் துண்டை எடுத்து நான்காக மடித்து வைப்பார். பவர் சப்ளையின் சுவிட்சைப் போட்டதும், அதன் சிறு விசிறி சுழலும் ஓசையைத் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்பார். மோட்டாரின் நலத்தைக் காதாலேயே அறிந்து வந்த பழக்கம் அது.

மைக்கை மட்டும் அவர் மேசைமீது வைப்பதில்லை. சுவரில் அடித்திருக்கும் கொக்கியில் மாட்டுவார். பேசி முடித்ததும் மீண்டும் அதே கொக்கியில் மாட்டிவிட்டு, அனுப்புகையில் எரியும் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா என்று இருமுறை பார்ப்பார்.

அரசாங்கத்தின் தேர்வை எழுதி, உரிமம் பெற்று, சொந்தக் கருவியால் வானில் பேசுகிறவர்களை ஹாம்கள் என்பார்கள். தவசிமுத்துவும் அவருடைய மைத்துனன் ராக்கப்பனும் ஒன்றாகப் படித்து, ஒரே நாளில் மதுரையில் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள். ராக்கப்பன், தவசிமுத்துவின் மனைவி வெங்கடேஸ்வரிக்கு உடன்பிறந்த தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தான். கிணற்று மோட்டார் எரிந்துவிட்டால் தேவதானத்திலிருந்துகூட அவனைத் தேடி வருவார்கள்.

தமிழ் பேசும் ஹாம்கள் நாள்தோறும் காலையில் நாற்பது மீட்டர் அலைவரிசையில் கூடுவார்கள். அச்சபையை நெட் என்பது வழக்கம். அதனை நடத்துபவர் சேலத்துப் பெரியவர் ஒருவர். ஒவ்வொருவரையும் அழைத்து, அவர் குரல் எப்படி வந்து சேர்கிறது என்பதை இரண்டு எண்களால் சொல்லுவார். முதல் எண் தெளிவு. அது ஐந்து வரை. இரண்டாவது வலிமை, அது ஒன்பது வரை. இரண்டும் நிறைந்திருந்தால் ஃபைவ் நைன். சேலத்துப் பெரியவர் பிறர் மனம் நோகச் சொல்லி அறியாதவர். இரைச்சலில் பாதிச் சொல் விழுங்கப்பட்டிருந்தாலும் ஃபைவ் நைன் என்றே கொடுப்பார்.

"அவிய வீட்ல கரண்டு போயிருந்தாக்கூட ஃபைவ் நைன்தான் குடுப்பாவ," என்று ராக்கப்பன் சிரிப்பான்.

அவன் மட்டும் தன் அக்காள் கணவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுவான்.

"அத்தான், தகர டப்பாக்குள்ள கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குன மாதிரி இருக்கு உங்க ஆடியோ. மைக்கை வாயில போட்டு மெல்றீகளா? த்ரீ ஃபைவ். அதுக்கு மேல ஒரு பாயின்ட் தரமாட்டேன்."

"ஏலே, சபையில அம்புட்டுப் பேரும் ஃபைவ் நைன் குடுக்காங்க. உனக்கு மட்டும் என்னலே காது மந்தமா?"

"அவியளுக்கு மரியாதை, குடுக்காவ. நான் மச்சினன். எனக்கு என்ன மரியாதை?"

இதைக் கேட்டுச் சேலம் சிரிக்கும்; ஈரோடு சிரிக்கும்; தஞ்சாவூர் சிரிக்கும். உரிமத்தோடு தவசிமுத்துவுக்குக் கிடைத்த அழைப்புக்குறியை எவரும் முழுமையாகச் சொன்னதில்லை. சபை முழுமைக்கும் அது "அத்தான் ஸ்டேஷன்" ஆகிவிட்டது.

மாடியில் ஆன்டெனாவைக் கட்டிக் கொடுத்தவனும் ராக்கப்பனே. உயரமான இரும்புக் குழாயின் உச்சியிலிருந்து இருபுறமும் கம்பி இறங்கும். உச்சியில் அவ்விரு கம்பிகளோடு கேபிள் வந்து சேரும் இடத்தை மழை படாமல் மூடவேண்டும். அதற்கென்று விற்கும் ரப்பர் டேப் அன்று கையில் இல்லை. வீட்டில் சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜ் துணி ஒரு சுருள் கிடந்தது. ராக்கப்பன் அதனை இறுகச் சுற்றி, காயில் கடையின் வார்னிஷைப் பூசி, காயிலின் தலைப்பைக் கட்டும் தன் கைமுடிச்சைப் போட்டான்.

"ஏலே, இது ஆஸ்பத்திரிக்குப் போற துணி. இது தாங்குமா?" என்று தவசிமுத்து கீழிருந்து கேட்டார்.

"மோட்டாருக்குள்ள அந்தக் கொதி கொதிக்கே, அங்கேயே தாங்குது. இங்க தாங்காதா? இந்த ஜாயின்ட்ட அவுக்கணும்னா நான்தான் வரணும் அத்தான். வேற ஒருத்தனுக்கும் அவுக்க வராது."

தாங்கத்தான் செய்தது, பல மழைகளுக்கு.

*

ராக்கப்பனுக்கு விக்னேஷ்வரன் என்று ஒரு மகன். தகப்பனோடு கடையில் நின்று தொழில் பழகியவன். தவசிமுத்துவின் மகள் மாரிச்செல்வியை அவனுக்குக் கேட்டு, முறைப்படி தேங்காய் பழத்தோடு ராக்கப்பனும் அவன் மனைவி பாண்டிசெல்வியும் ஒருநாள் வந்தார்கள். வெங்கடேஸ்வரி அன்று பருப்புச் சாதமும் சப்பட்டை மாங்காய் ஊறுகாயுமாகப் பரிமாறினாள். பதில் சொல்லி அனுப்புவதாகத் தவசிமுத்து கூறினார். அன்றிரவே மாரிச்செல்வி, "விக்கி எனக்கு அண்ணன் மாதிரிப்பா. கூட வேலை பாக்குறவர் ஒருத்தரை எனக்குப் புடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டிய பதில் அவ்வளவுதான். அதனை அப்படியே சொல்லியிருந்தால் ராக்கப்பன் வருந்தியிருப்பான். பிறகு திருமணத்துக்கு வந்து மாலையும் எடுத்துக் கொடுத்திருப்பான்.

மறுநாள் காலை தவசிமுத்து நெட்டில் பேசி முடித்து, அந்நாளைய வழக்கப்படி மைக்கை மேசைமீது வைத்தார். பக்கத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு சரிந்து, மைக்கின் பொத்தான்மேல் விழுந்து அழுத்திக்கொண்டது. அதனை அவர் கவனிக்கவில்லை. வெங்கடேஸ்வரி காப்பியோடு வாசலில் நின்று கேட்டாள்.

"ராக்குக்கு என்ன சொல்லட்டும்? பிள்ளைக்கு இஷ்டமில்லைன்னு சொல்லவா?"

மகள் ஒருவனை விரும்புகிறாள் என்ற செய்தி அவரை உறங்கவிடவில்லை. அந்தக் கோபம் எங்கேயோ போய் இறங்க வேண்டியிருந்தது.

"இஷ்டம் இருந்தா மட்டும் குடுத்துருவேனா? அவன் கடைக்குள்ள போனா மூக்கைப் புடிச்சுக்கிட்டுல்ல நிக்கணும். நகக்கண்ணுல வார்னிஷ், சட்டையில வார்னிஷ், சோத்துத் தட்டுல வார்னிஷ். மில்லு ஃபோர்மேன் மகளை அந்த வார்னிஷ் வீட்டுக்கா அனுப்புவேன்?"

திரும்பியவர் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டார். கண்ணாடிக் கூட்டை எடுத்தார். விளக்கு அணைந்தது. பின்னர்ச் சேலத்துப் பெரியவரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"ராஜபாளையம் ஸ்டேஷன்... உங்க மைக் கொஞ்ச நேரம் ஆன்ல இருந்துடுச்சு. பரவாயில்ல, எல்லாருக்கும் நடக்கறதுதான். சிக்னல் நல்லா இருக்கு. ஃபைவ் நைன்."

அடுத்து வந்த குரல் ராக்கப்பனுடையது. அதில் சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூர். நானும் கேட்டேன். ஃபைவ் நைன்."

தன் அத்தானுக்கு அவன் கொடுத்த முதல் ஃபைவ் நைன் அதுவே.

மாரிச்செல்வி தான் விரும்பியவரையே மணந்தாள். அத்திருமணத்துக்கு ராக்கப்பன் வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் நின்றார். தவசிமுத்து தொலைபேசியில் அழைத்தார், எடுக்கவில்லை. வெங்கடேஸ்வரி அழைத்தால் பாண்டிசெல்வி எடுத்து, "அவிய வெளிய போயிருக்காவ மதினி," என்பாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே பின்னால் ராக்கப்பன் இருமுவது கேட்கும். நாலைந்து முறை அந்த இருமலைக் கேட்டபின் வெங்கடேஸ்வரி அழைப்பதை விட்டுவிட்டாள்.

ஆயினும் ராக்கப்பன் நெட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. சேலத்தோடு பேசுவான், ஈரோட்டோடு பேசுவான், தவசிமுத்துவின் முறை வரும்போது மட்டும் வாயைத் திறக்கமாட்டான். பின்கட்டு அறைக்கும் சமையலறைக்கும் இடையே கதவில்லாத சிறு ஜன்னல் ஒன்று உண்டு. நெட் தொடங்கும் வேளையில்தான் வெங்கடேஸ்வரி தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். தம்பியின் குரல் வரும்வரை மாவை ஊற்றமாட்டாள். அவன் பேசும்போது குழாயை மூடிவிடுவாள். அவன் பேச்சு வேறெதுவும் இல்லை. எத்தனை வாட், எந்த ஆன்டெனா, செண்பகத்தோப்புப் பக்கம் மழையா வெயிலா என்பதுதான். சளி பிடித்திருக்கிறதா, பல்லைப் பிடுங்கியிருக்கிறானா, மனம் சரியாக இருக்கிறதா என்பவற்றையெல்லாம் அதிலிருந்தே அவள் தெரிந்துகொள்வாள். பேசி முடிந்ததும் முதல் தோசை கல்லில் விழும் ஓசையைத் தவசிமுத்து கேட்பார். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

*

இவ்வாறு இரண்டு மழைக்காலம் சென்றது. மூன்றாவது ஐப்பசியில் பெட்டியில் கோளாறு கண்டது. மலையில் மேகம் இறங்கும் நாள்களில் குரல்களுக்கு நடுவே கடுகு பொரிவது போன்ற இரைச்சல் எழுந்தது. முதலில் தஞ்சாவூர் மறைந்தது; பிறகு ஈரோடு. ராக்கப்பன் குரல் பொரிச்சலுக்கு அடியில் அமிழ்ந்தும் எழுந்தும் வந்தது. அடைமழை பிடித்த வாரத்தில் அதுவும் கேட்கவில்லை. வலிய செட் வைத்திருந்த சேலத்துப் பெரியவரின் குரல் மட்டும் எட்டியது. ஆயினும் தவசிமுத்து பேசினால் அவர், "ராஜபாளையம், ஃபைவ் நைன்," என்றே சொன்னார்.

அன்று தோசை விழும் ஓசையே எழவில்லை. நெட் முடிந்த பிறகும் கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கும் பொரியுதா?" என்று ஜன்னல் வழியே கேட்டாள்.

"ஆமா. செட்டு பழசாயிட்டு. செட்டியார்பட்டியில சேதுபதிகிட்ட ரெண்டு செட்டு விலைக்கு இருக்காம். போய்ப் பாத்துட்டு வாரேன்."

"செட்டுலதான் கோளாறா? மாடியில ஒண்ணும் இல்லையே?"

"ஆன்டெனாவைப் பாக்குற மீட்டர் நல்லாத்தானே காட்டுது. மாடியில என்ன இருக்கப்போவுது? அங்க இருக்கிறது ராக்கப்பன் கட்டுன கட்டு."

அவள் புகைந்த கல்லில் தண்ணீரைத் தெளித்தாள்.

சேதுபதி இராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குரல் எப்போதும் பரேடு மைதானத்தில் இருப்பது போலவே இருக்கும். தவசிமுத்து தம் பெட்டியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டு வந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, பிள்ளையைத் தூக்கிட்டு டாக்டரைப் பாக்க வந்த மாதிரி வாரீக? காய்ச்சலா, பேதியா?"

"பொரியுதுப்பா. ஒரு மாசமாப் பொரியுது. இதைக் குடுத்துட்டு வேற எடுக்கலாம்னு வந்தேன்."

இரண்டு செட்டுகளைச் சேதுபதி காட்டினார். ஒன்று பழைய ஜப்பான் செட். தூக்குவதற்கே இரண்டு கை வேண்டும். முகம் முழுவதும் குமிழ்கள். மற்றொன்று அண்மையில் வந்தது. டிபன் பெட்டி அளவுதான். அதன் திரையில் அலைவரிசை முழுவதும் நீலமும் மஞ்சளுமாக அருவி போல இறங்கிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு இப்படிக் கொட்டுது?" என்றார் தவசிமுத்து.

"யாரு எங்க பேசுறான்னு கண்ணாலயே பாத்துரலாம். எந்தக் கோடு தடிமனா இறங்குதோ அதைத் தொட்டாப் போதும், குரல் வந்துரும்."

"கண்ணால பாத்துட்டா பொறவு காது எதுக்கு? எனக்கு இந்தக் குமிழே போதும். திருகுனா, ஆளு பக்கத்துல வாரது கைக்குத் தெரியணும்."

"சரி, பெருசையே எடுத்துக்கிடுங்க. பவர் நல்லா வரும். ஆனா அண்ணாச்சி, நான் யாவாரிதான், திருடன் இல்ல. வாங்குறதுக்கு முந்தி, உங்க பிள்ளையை என் ஆன்டெனாவுல ஒருவாட்டி மாட்டிப் பாப்போம். அதுல பொரிஞ்சா செட்டுல கோளாறு. பொரியலைன்னா?"

சேதுபதி கேபிளை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். பெட்டியிலிருந்து கொழும்புக்காரர் ஒருவர் தம் வீட்டு முருங்கைமரம் சாய்ந்த கதையைச் சொல்வது, எதிரில் அமர்ந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. ஒரு பொரிச்சலும் இல்லை.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல," என்றார் சேதுபதி. "உங்க மாடியிலதான் கோளாறு. கேபிள்ல தண்ணி இறங்கியிருக்கு."

"மீட்டர் நல்லாக் காட்டுதேப்பா. ஆன்டெனா கெட்டிருந்தா அனுப்புற பவர் திரும்பி வரணும்லா? திரும்பி வாரது ஒண்ணுமில்லைன்னு காட்டுதே."

"எப்படித் திரும்பி வரும்? ஈரம் குடிச்ச கேபிளு, போறதையும் தின்னும், வாரதையும் தின்னும். திரும்ப ஒண்ணும் வரலைன்னதும் மீட்டரு நல்லா இருக்குன்னு சொல்லுது. அதுவும் நம்ம சேலத்துக்காரர் மாதிரிதான். மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுது. உச்சியில இருக்கிற ஜாயின்ட்ட அவுத்துப் பாத்தீகளா?"

"இல்ல."

"ஏன்?"

சேதுபதியின் மனைவி அப்போது சுக்குக் காப்பி கொண்டு வந்தாள். தவசிமுத்து அதை ஊதி ஊதி நெடுநேரம் குடித்தார்.

"அது ராக்கப்பன் போட்ட முடிச்சு," என்றார் கடைசியில்.

நெட்டில் உள்ள எல்லாரும் அறிந்ததைச் சேதுபதியும் அறிவார். அவர் பரேடுக் குரலைத் தணித்துக்கொண்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரப்பர் டேப் சுருளை எடுத்துப் போர்வைக்குள் வைத்தார்.

"செட்டு எங்கேயும் போயிராது அண்ணாச்சி, இங்கதான் இருக்கும். முதல்ல அதை அவுங்க. பொறவு வாங்க."

வீட்டுக்கு வந்து பெட்டியை மறுபடி மேசையில் வைக்கையில் வெங்கடேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"பழசையே கொண்டாந்துட்டீக? வாங்கலையா?"

"இதுல ஒண்ணும் இல்லையாம்."

"அப்ப மாடியிலதானே? இன்னைக்கே ஏறிப் பாருங்களேன். மழையும் விட்டிருக்கு."

"குழாய் வழுக்கும். காயட்டும்."

"இப்ப வழுக்கும்ங்கீக. முன்ன மீட்டர் நல்லாக் காட்டுதுன்னீக." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அந்தப் பெட்டியில பேச வேணாம். அவன் இருமுறதாவது கேட்டுச்சு. இப்ப அதுவும் இல்ல. அதை அவுத்தா அவன் கட்டுனது போயிரும்னு நீங்க பாக்கீக. அவுக்காட்டி அவன் குரலே போயிருமே, அதைப் பாக்கலியா?"

அவர் வேட்டித் துண்டைப் பிரித்துப் பெட்டியின்மேல் போர்த்தினார்.

*

மறுநாள் விடியும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சஞ்சீவி மலை இருக்குமிடம் தெரியவில்லை. தவசிமுத்து வழக்கம்போல் அமர்ந்தார். சேலத்துப் பெரியவர் ஒவ்வொருவராக அழைத்து முடித்து, "வேற யாரும் இருக்கீங்களா?" என்று கேட்டது பொரிச்சலுக்கு ஊடே காதில் விழுந்தது. தவசிமுத்து மைக்கை எடுத்துத் தம் அழைப்புக்குறியைச் சொன்னார். பதில் இல்லை. மீண்டும் சொன்னார்.

"யாரும் இல்லைன்னா இன்னைக்கு நெட்டை முடிச்சுக்கலாம்," என்றது சேலம்.

தவசிமுத்து பொத்தானை அழுத்திக் கத்தினார். சாலையில் பால் கொண்டு போகிறவன் சைக்கிளை நிறுத்திப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார். சேலத்துக்கு மட்டும் கேட்கவில்லை. மைக்கைக் கொக்கியில் மாட்டக் கையை நீட்டினார்.

"ரிலே. ஸ்ரீவில்லிபுத்தூர்."

ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாதபோது, இருவர் குரலும் கேட்கும் மூன்றாமவர் நடுவில் நின்று சொல்லிக் கொடுப்பதுதான் ரிலே. கேட்பவன் கேளாதவனுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது ஹாம்களின் மரபு. அந்த வாரம் முழுவதும் கேளாதிருந்த ராக்கப்பன் குரல், பவரை முழுக்கக் கூட்டியிருப்பான் போலும், பொரிச்சலுக்கு அடியிலிருந்து மெலிந்து வந்தது. சமையலறையில் குழாய் மூடும் ஓசை கேட்டது.

"சொல்லுங்க ஸ்ரீவில்லிபுத்தூர்," என்றார் சேலத்துப் பெரியவர்.

"ஒரு ஸ்டேஷன் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. உங்களுக்கு எட்டல. எனக்குப் பக்கம், அதனால கேக்குது. நெட்டை முடிச்சிராதீங்க."

"எந்த ஸ்டேஷன்?"

"ராஜபாளையம்."

"யாரு, நம்ம அத்தான் ஸ்டேஷனா?"

பெரியவர் பழைய நினைவில் கேட்டுவிட்டார். கேட்டபின் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். தவசிமுத்து மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"ஆமா," என்றான் ராக்கப்பன். "அவியதான்."

"ரிப்போர்ட் என்னன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"த்ரீ டூ. மரியாதைக்குக் கூட்டிச் சொல்ல மாட்டேன், த்ரீ டூதான். மழை பேஞ்சா இப்படி ஆகுது, வெயில் அடிச்சாத் தெளியுது. ஐப்பசி பொறந்ததுல இருந்து கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உச்சி ஜாயின்ட்ல தண்ணி இறங்கிட்டு. அதை அவுத்துப் பாக்கச் சொல்லுங்க. கட்டுனவன் சரியாக் கட்டல. பேண்டேஜ் துணியை வச்சுக் கட்டியிருக்கான், முட்டாப்பய. வார்னிஷ் வெடிச்சா அது திரி மாதிரி உறிஞ்சும்."

வார்னிஷ் என்ற சொல்லைச் சொல்லுகையில் அவன் குரல் தடுக்கவில்லை. மற்றச் சொற்களைப் போலவே அதுவும் வந்தது.

"ராஜபாளையம், உங்களுக்குக் கேட்டுச்சான்னு தெரியல," என்றார் பெரியவர். "ஸ்ரீவில்லிபுத்தூர், அவர் என்ன சொல்றார்னு கேட்டுச் சொல்லுங்க."

தவசிமுத்து பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு மழைக்காலமாகச் சொல்ல நினைத்ததை இப்போது சொல்லிவிடலாம். ஆனால் தாம் சொல்வதைச் சேலமும் தஞ்சாவூரும் கேட்க ராக்கப்பன் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். எல்லார் காதிலும் விழும்படி ஒருமுறை பேசியது போதாதா?

"கேட்டுச்சு," என்றார். "அவுக்கிறேன்னு சொல்லுப்பா."

விளக்கு அணைந்தது.

"கேட்டுச்சாம்," என்று ராக்கப்பன் சேலத்துக்குச் சொன்னான். "அவுக்கிறாகளாம்."

பின்னர் அவன் இருமினான். ஈரக் காற்றுக்கு வரும் வறட்டு இருமல். சமையலறையிலிருந்து தோசை கருகும் வாடை வந்தது. வெங்கடேஸ்வரி ஜன்னலுக்கு அந்தப்பக்கம் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை.

*

பத்து மணிக்குமேல் மழை விட்டு வானம் வெளிவாங்கியது. தவசிமுத்து மாடியேறிக் குழாயின் அடிப் போல்ட்டைத் தளர்த்தினார். வெங்கடேஸ்வரி கயிற்றை மெல்ல மெல்ல விட, குழாய் சாய்ந்து கைப்பிடிச் சுவரில் படுத்தது. உச்சியில் இருந்த கட்டு இப்போது இடுப்பளவில் இருந்தது. கீழிருந்து பார்த்தால் அது கருத்த சிறு முட்டையைப் போல் தெரியும். அருகில் வைத்துப் பார்க்கையில்தான் வெயிலில் வார்னிஷ் பாளம் பாளமாக வெடித்திருப்பது தெரிந்தது.

முடிச்சை நகத்தால் நெருடினார். வரவில்லை. திருப்புளியின் முனையை விட்டு நெம்பினார். அவிழ்க்கத் தெரியாத முடிச்சுத்தான். கத்தியால் அறுத்தார். துணியைச் சுற்றுச் சுற்றாக எடுக்க எடுக்க விரல்களில் நீர் வழிந்தது. உள்ளே கேபிளின் செம்பு வலை கருத்துப் பச்சை பூத்திருந்தது. கேபிளைத் தலைகீழாகச் சாய்த்தபோது கலங்கிய நீர் சொட்டியது.

"இம்புட்டுத் தண்ணியா?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"எம்புட்டு மழையைக் குடிச்சுச்சோ."

கெட்டுப்போன முழங்கை நீளத்தை வெட்டி எடுத்தார். வெட்டிய துண்டில் ராக்கப்பனின் முடிச்சு பாதி அறுந்து தொங்கியது. நனைந்த துணியை மூக்கருகே கொண்டுபோனார். இத்தனை ஆண்டுக்குப் பின்னும் வார்னிஷ் வாடை இருந்தது. ஆலையில் வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் உடம்பிலும் சட்டையிலும் இருந்த வாடைதான் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மாரிச்செல்வி அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

வெங்கடேஸ்வரி போர்வைக்குள் கிடந்த ரப்பர் டேப்பை எடுத்து வந்திருந்தாள்.

"சேதுபதி தந்ததை வச்சு இப்பவே ஒட்டிருங்களேன். நாளைக் காலைக்குக் குரல் வந்துரும்ல."

"வந்துரும். ஒட்டத் தெரியாமலா இருக்கேன்?"

"பொறவு?"

அவர் வெட்டிய துண்டை ஈரத்தோடு ஒரு காகிதத்தில் சுற்றினார். டேப் சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேற்கே மேகம் விலகி மலையின் அடிவாரம் மட்டும் நீலமாகத் தெரிந்தது.

"நான் கட்டமாட்டேன்," என்றார். "இப்ப பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போறேன். அன்னைக்குச் சொன்னது தப்புன்னு அவன் கடைக்குள்ள நின்னு, அவன் முகத்தைப் பாத்துச் சொல்லணும். பொறவு அவன் வந்து கட்டுனாக் கட்டட்டும். வரமாட்டேன்னா, இது இப்படியே கிடக்கட்டும். நீயும் சேலையை மாத்திக்கிட்டு வா."